வண்டி கண்ணாடிக்குள் கவிழட்டும்

கார் ஓட்டத் தெரிந்தவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஒரு பெரிய விஷயமில்லை என்ற எண்ணம் நம் தொழிற்பேட்டைகளில் வெகுகாலமாக வேர்விட்டிருக்கிறது. ஸ்டியரிங் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, நான்கு சக்கரம் இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்று கேட்பார்கள். அந்த வண்டியின் இயல்பே வேறு. காரில் முன்சக்கரம் திரும்பும். இதில் திரும்புவது பின்சக்கரம். அதனால் ஓட்டுபவர் இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் பின்புறம் வலப்பக்கமாக வீசி எழும். கண் முன்னாலிருக்கும், சுமை தூக்கும் ஃபோர்க்கில் பதிந்திருக்க, அடி வாங்குவது பின்னால் நிற்பவர். முன் அச்சு ஒரு தராசின் நடுமுனை போல நிற்கிறது. ஒரு பக்கம் சுமை, மறுபக்கம் வண்டியின் வயிற்றில் வார்த்து வைத்த எதிர்எடை. 3 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 4 டன்னைத் தாண்டுவது இதனால்தான். தகட்டில் 3 டன் என்று பொறித்திருப்பதும் நிபந்தனைக்கு உட்பட்டது. ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து பொதுவாக 500 மில்லிமீட்டர் தூரத்துக்குள் சுமையின் எடைமையம் இருக்க வேண்டும். பெட்டி நீளமானால், மையம் தள்ளிப் போனால், அதே வண்டி அதே எடையைத் தாங்காது. இன்னொரு கணக்கும் உண்டு. சக்கரம் நான்கு என்றாலும் பின் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுவதால் வண்டி உண்மையில் நிற்பது மூன்று புள்ளிகளில். அந்த முக்கோணம் பின்னால் போகப் போகக் குறுகும். சுமை இல்லாதபோது வண்டியின் எடைமையம் அந்தக் குறுகிய மூலைப் பக்கம் நகர்ந்துவிடும். ஆகவே வெறும் வண்டிதானே என்று வேகமாக வளைத்தால் அது பக்கவாட்டில் கவிழ்வது எளிது. கார் ஓட்டிய அனுபவம் இதில் எதையும் சொல்லித் தராது. சில சமயம் தப்பாகவே சொல்லித் தரும்.

இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்பதை யோசிக்க கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவி போன்ற ஊரிலிருந்து தொடங்குவது நல்லது. தொழிற்பேட்டை இருக்கும் ஊர் ஒன்று. அதற்கு ஆள் அனுப்பும் ஊர் இன்னொன்று. கல்லாவி இரண்டாவது வகை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980இல் அசோக் லேலண்ட் அங்கே ஆலை திறந்தது. டிவிஎஸ் மோட்டார், டைட்டன் என்று வரிசை நீண்டது. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு வளர்ச்சி ஓசூரோடு நிற்கவில்லை. சூளகிரி, குருபரப்பள்ளி, பர்கூர், போச்சம்பள்ளி என்று கர்நாடக எல்லையிலிருந்து உள்நோக்கி நகர்ந்தது. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா எலக்ட்ரிக் 500 ஏக்கரில் ஆலை அமைத்தது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் கைப்பேசி உறுப்புகள் செய்கிறது. இவற்றுக்கு முன்பிருந்தே மாங்கூழ் ஆலைகளும் கிரானைட் பட்டறைகளும் இங்கே உண்டு. இந்தத் தொழில்களுக்குள் பொதுவாக எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: எல்லாவற்றிலும் பொருள் பேலட் என்ற அடித்தட்டில் ஏறி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டும். மாங்கூழ் நிரம்பிய ஒரு டிரம் 200 கிலோவுக்கு மேல். நான்கு டிரம் ஒரு பேலட்டில் ஏறினால் ஏறக்குறைய ஒரு டன். மின்வாகன ஆலையில் பேட்டரித் தொகுப்பின் மேல் ஃபோர்க்கின் நுனி குத்தினால் தீப்பிடிக்கலாம். மெருகேற்றிய கிரானைட் பலகை சாய்ந்தால் நடுவில் நிற்பவர் தப்ப வழியில்லை.

இந்த வேலைக்கு ஆள் எப்படி வருகிறார்? பெரிய நிறுவனங்களில் முறையான பயிற்சி உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கிடங்குகளிலும் இரண்டாம் கட்ட, மூன்றாம் கட்ட உதிரி பாகப் பட்டறைகளிலும் வழி வேறு. கான்ட்ராக்டில் லோடுமேனாகவோ ஹெல்பராகவோ சேர்ந்தவர், ஓட்டுபவர் டீ குடிக்கப் போன நேரத்தில் சாவியை வாங்கி நாலு முறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறார். ஒருநாள் ஆபரேட்டர் வரவில்லை. சூப்பர்வைசர் ‘உனக்குத்தான் தெரியுமே, எடுப்பா’ என்கிறார். அன்றிலிருந்து அவர் ஆபரேட்டர். கூலி கொஞ்சம் கூடுகிறது, மதிப்பும் கூடுகிறது. அவர் கற்றதெல்லாம் வண்டியை எப்படி நகர்த்துவது என்பது. எப்போது நகர்த்தக் கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை. சட்டமும் இந்த இடைவெளியில் கொஞ்சம் விலகியே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் வரையறைப்படி ஆலைக்குள்ளோ வேலியடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று அமைத்த வண்டி ‘மோட்டார் வாகனம்’ ஆகாது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டும் தேர்வு இதற்கு இல்லை. பல நிறுவனங்கள் கார் அல்லது லாரி உரிமத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த உரிமம் பின்சக்கரத் திருப்பத்தையும் சுமை மையத்தையும் சோதித்துக் கொடுத்ததல்ல.

என் வாதம் இதுதான்: இந்த மாவட்டத்துக்கு மெய்நிகர் ஃபோர்க்லிஃப்ட் சிமுலேட்டர்கள் தேவை. ஆனால் அவை ஓர் ஆலையின் பயிற்சி அறையில் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் கிடைக்கும் காட்சிப் பொருளாக இருந்தால் பயன் சொற்பம். வேலைக்குச் சேரும் முன்பே, கான்ட்ராக்ட் தொழிலாளியும் வந்து உட்காரும் பொதுக் கூடத்தில் அவை இருக்க வேண்டும். அங்கே அவர் வண்டியைக் கவிழ்த்தால் அது அவருடைய வேலைக்கு வினையாக வரக் கூடாது.

முதலில் விபத்துகளின் தன்மையைப் பார்க்கலாம். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1980 முதல் 1994 வரையிலான மரணப் பதிவுகளை ஆராய்ந்தது. ஃபோர்க்லிஃப்ட் தொடர்பான விபத்துகளில் 1,021 தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். அதில் 22 சதவீதம் வண்டி கவிழ்ந்து இறந்தவர்கள். 20 சதவீதம் நடந்துகொண்டிருந்தபோது அடிபட்டவர்கள். 16 சதவீதம் வண்டியால் நசுங்கியவர்கள். 9 சதவீதம் வண்டியிலிருந்து விழுந்தவர்கள். பழைய கணக்கு, வேறு நாட்டுக் கணக்கு என்பது உண்மை. ஆனால் வண்டியின் இயற்பியல் நாட்டுக்கு நாடு மாறாது. இந்தப் பட்டியலில் நான் கவனிப்பது ஒன்றை: மிக அதிக உயிரைக் குடித்த விபத்து எதையும் உண்மையான வண்டியில் பயிற்சி செய்து பார்க்க முடியாது. மாஸ்டை, அதாவது ஃபோர்க்கைத் தூக்கும் செங்குத்துச் சட்டத்தை, உயர்த்தியபடி வளைத்தால் என்ன ஆகும் என்று காட்ட யாரும் 4 டன் வண்டியைக் கவிழ்த்துக் காட்டமாட்டார்கள். மறைவான மூலையிலிருந்து ஒரு மனிதரை ஓடிவரச் சொல்லி ஓட்டுபவரின் பிரேக்கைச் சோதிக்க முடியாது. லாரிக்கும் மேடைக்கும் நடுவில் இடைவெளி விழும்படி லாரியை நகர்த்திக் காட்ட முடியாது. கவிழும் வண்டியிலிருந்து குதிக்கத் தோன்றுவது மனித இயல்பு. குதித்தவர் மேல்தான் தலைக்கூரையின் கம்பி வந்து விழுகிறது. பெல்ட் போட்டு, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிராக உடலைச் சாய்த்து உள்ளேயே இருக்க வேண்டும். இந்த இயல்பை வெல்லச் சொற்பொழிவு போதாது. ஒருமுறையாவது உடல் அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் சிமுலேட்டர். இந்த எண்ணம் ஒன்றும் புதியதல்ல. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் எட்வின் லிங்க் விமானிகளுக்காக ஒரு போலி விமானப் பெட்டியைச் செய்தார். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் வித்தையைத் தரையிலேயே பழகலாம் என்பது அதன் பயன். முதலில் அதைப் பொழுதுபோக்கு இயந்திரமாகவே பலர் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அது ஆயிரக்கணக்கான விமானிகளைப் பழக்கியது. இன்றைக்கு எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை விமானிகள் பழகுவது பெரும்பாலும் சிமுலேட்டரில்தான். ஃபோர்க்லிஃப்ட் சிமுலேட்டரில் ஓர் இருக்கை, குமிழ் வைத்த ஸ்டியரிங், மிதி, தூக்கவும் சாய்க்கவும் லீவர்கள், தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடி ஆகியவை இருக்கும். சில வகைகளில் இருக்கை தானே சாய்ந்து குலுங்கும். அமெரிக்காவின் ரேமண்ட் நிறுவனம் செய்தது இன்னும் சுவையானது: நிற்கும் உண்மையான வண்டியிலேயே ஒரு செருகியைச் சேர்த்து, அந்த வண்டியின் கைப்பிடிகளாலேயே மெய்நிகர் கிடங்கில் ஓட்டலாம், தரையில் நிற்கும் வண்டி ஓர் அங்குலம்கூட நகராது. பயிற்றுநரின் கண்ணுக்குத் தெரியாத சிலவும் இந்தக் கருவிக்குத் தெரியும். பின்னால் எடுக்கும் முன் ஓட்டுபவர் தலையைத் திருப்பினாரா, மூலையில் ஹாரன் அடித்தாரா, சுமையை எவ்வளவு உயரத்தில் வைத்துக்கொண்டு வளைத்தார் என்பதெல்லாம் பதிவாகும். உண்மையான வண்டிப் பயிற்சியில் ஆசிரியர் வெளியே நின்று பார்ப்பவர். ஓட்டுபவர் எதைப் பார்த்தார் என்பது அவருக்கு ஊகம்தான்.

பலன் உண்டா என்பதற்கு நல்ல சான்று வேறொரு துறையிலிருந்து வருகிறது. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்களை இரண்டு குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழு மெய்நிகர் கருவியில் பழகியது. மற்றொன்று வழக்கமான முறையில். பிறகு இரு குழுவினரும் நோயாளிகளுக்குப் பித்தப்பை அறுவை செய்தபோது மெய்நிகர் குழு 29 சதவீதம் வேகமாகப் பிரித்தெடுத்தது. பித்தப்பையைக் காயப்படுத்துவதும் வேண்டாத திசுவைச் சுடுவதும் மற்றக் குழுவில் ஐந்து மடங்கு அதிகமாக நேர்ந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கருவிக்குள் கற்றது கருவிக்கு வெளியே வந்தது என்பதை அது காட்டியது. இதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மெய்நிகர் பயிற்சிக் கருவி விற்பவர்கள் ‘நான்கு மடங்கு வேகமாகக் கற்கலாம்’ என்று ஒரு கணக்கைக் காட்டுவது வழக்கம். அது 2020இல் பிடபிள்யூசி நிறுவனம் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அந்த ஆய்வு சோதித்தது மேலாளர்களுக்கான பழகுமுறைப் பயிற்சியை. வண்டி ஓட்டுவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இப்படிப் பிடுங்கி ஒட்டும் எண்களை நம்பி அரசோ ஆலையோ பணத்தைக் கொட்டக் கூடாது. விமானப் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டான்லி ராஸ்கோ 1971இல் சொன்னது இன்னும் பயனுள்ளது: சிமுலேட்டரின் முதல் மணிநேரங்கள் உண்மையான பயிற்சி நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும், நேரம் கூடக்கூட மிச்சம் குறைந்துகொண்டே போகும். ஆகவே சிமுலேட்டரைத் தொடக்கத்தில் செறிவாகப் பயன்படுத்தி, பிறகு வண்டிக்குப் போய்விட வேண்டும்.

இங்கே முதல் மறுப்பு எழும். அனுபவமுள்ள ஆபரேட்டர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: வண்டியைக் கையால் அல்ல, முதுகால் ஓட்டுகிறோம், சுமை ஏறியதும் இருக்கையில் தெரியும், டயர் தேய்ந்தால் நடுக்கத்தில் தெரியும், ஹைட்ராலிக் எண்ணெய் சூடானால் லீவரில் தெரியும், இதெல்லாம் கண்ணாடிக்குள் எப்படி வரும் என்று. அவர் சொல்வது சரி. மாங்கூழ் ஆலையில் கழுவிவிட்ட தரையில் பிரேக் எப்படி வழுக்கும் என்பதைக் கருவி அரைகுறையாகவே காட்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை முழுக்கவும் கைவேலை: சங்கிலி தளர்ந்திருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா, ஃபோர்க்கின் குதிகால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது. அந்தக் குதிகால் 10 சதவீதம் தேய்ந்தால் அதன் தாங்கு திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், தூக்கியெறிய வேண்டியதுதான். அதை விரலால் தடவியும் அளவியால் அளந்தும் பார்க்காமல் யாரும் கற்க முடியாது. பேட்டரி ஏற்றும் அறையில் ஏன் பீடி பற்றவைக்கக் கூடாது என்பதும் அப்படியே. சிலருக்குக் கண்ணாடி மாட்டினால் தலை சுற்றும், குமட்டும். கண் ஓடுகிறோம் என்கிறது, உள்காது நிற்கிறோம் என்கிறது, அந்தக் குழப்பம்தான் காரணம். குறுகிய அமர்வுகளாகப் பிரித்தும், ஒத்துக்கொள்ளாதவருக்குத் திரையில் ஓடும் சிமுலேட்டரைக் கொடுத்தும் இதைச் சமாளிக்க வேண்டும்.

ஆனால் இந்த மறுப்பு சிமுலேட்டரை விலக்குவதில்லை. அதற்குரிய இடத்தைக் குறித்துக் கொடுக்கிறது. ஜப்பானில் 1 டன்னோ அதற்கு மேலோ தூக்கும் ஃபோர்க்லிஃப்டை ஓட்ட, வேறு உரிமம் எதுவும் இல்லாதவர் 35 மணிநேரப் பயிற்சி பெற வேண்டும். அதில் 24 மணிநேரம் செய்முறை. சாதாரணக் கார் உரிமம் உள்ளவருக்கு வகுப்பறை நேரம் குறைகிறது. அந்த 24 மணிநேரம் குறைவதில்லை. அமெரிக்க விதி 1998இல் திருத்தப்பட்டபோது வகுப்பு, செய்முறை, வேலையிடத்தில் மதிப்பீடு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது மறு மதிப்பீடும் வேண்டும். பிரிட்டனில் அடிப்படைப் பயிற்சி, குறிப்பிட்ட வேலைக்கான பயிற்சி, அந்த வேலையிடத்தில் கண்காணிப்போடு பழகுதல் என்று மூன்று படி. இவர்கள் எல்லோரும் கடைசிப் படியை உண்மையான வண்டியிலும் உண்மையான தரையிலும் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே வைக்க வேண்டும். சிமுலேட்டர் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆபரேட்டர் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் கடை ஒன்று முளைத்தால் அது நாம் இன்று அனுபவிக்கும் நிலையைவிட மோசம். இன்றைக்கு, தெரியாதவருக்குத் தெரியாது என்பதாவது வெளிப்படை.

அடுத்து வருவது எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. சிமுலேட்டரின் பயனே தவறு செய்ய இடம் கொடுப்பதுதான். வண்டியைக் கவிழ்த்து, ஆளை இடித்து, மேடை விளிம்பில் சக்கரத்தை இறக்கிப் பார்த்தவருக்குத்தான் எல்லை எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஆனால் அதே கருவி ஒவ்வொரு தவற்றையும் நொடிக்கணக்கோடு எழுதி வைக்கிறது. அந்தப் பதிவு யாரிடம் போகிறது? கான்ட்ராக்டரிடம் போனால், மூன்று முறை கவிழ்த்த பையனை அவர் நாளை வரவேண்டாம் என்பார். நிறுவனத்திடம் போனால், இரண்டு வருடம் கழித்து நடந்த விபத்துக்கு ‘அன்றே இவன் இப்படித்தான்’ என்று அதைத் தேடி எடுப்பார்கள். இப்படி ஒரே ஒரு தடவை நடந்தாலும் போதும். அடுத்து உட்காருபவர் கவிழ்த்துப் பார்க்கமாட்டார். ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி, நல்ல மதிப்பெண் வாங்கி, எதுவும் கற்காமல் எழுந்து போவார். விமானத் துறைக்கு இந்தப் பாடம் தெரியும். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளையும் நூலிழையில் தப்பியவற்றையும் எழுதி அனுப்பும் ஓர் அமைப்பு இயங்குகிறது. அதை நடத்துவது உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமுள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் அல்ல. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா. பெயரை நீக்கிவிட்டே பதிவு செய்வார்கள். தண்டிக்கும் கையும் கேட்கும் காதும் ஒன்றாக இருந்தால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்பதை உணர்ந்துதான் இரண்டையும் பிரித்தார்கள். நம் கூடத்திலும் அந்தப் பிரிவினை எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சிப் பதிவு பயிற்சி பெற்றவருக்கும் பயிற்றுநருக்கும் மட்டும் உரியது; இறுதித் தேர்வின் முடிவு மட்டும் வெளியே போகும். முதலாளிக்குத் தெரிய வேண்டியது இவர் தேறினாரா என்பது. எத்தனை முறை விழுந்து தேறினார் என்பது அல்ல.

செலவைப் பற்றிய மறுப்பு இதைவிட எளிது. பத்து இருபது பேர் வேலை செய்யும் பட்டறை ஒரு சிமுலேட்டர் வாங்காது, வாங்கவும் தேவையில்லை. ஒருவர் சில மணிநேரமே பயன்படுத்தும் கருவி என்பதால் பொதுவில் வைப்பதே கணக்குக்கும் பொருந்தும். அப்படிப் பொதுவில் நடத்த ஓசூரில் ஹோஸ்டியா என்ற சிறு, குறுந்தொழில் சங்கம் இருக்கிறது. லாரித் தொழிலின் ஊரான நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி நிலையம் நடத்துகிறது. ஓட்டுநரைப் பழக்குவது வண்டி செய்பவரின் கடமையிலும் சேரும் என்பதற்கு அது முன்மாதிரி. தமிழ்நாடு அரசு 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தை எடுத்தது. ரோபோவும் முப்பரிமாண அச்சும் கற்பிக்கும் அந்தப் பெரிய தொகைக்கு அருகில் சில ஃபோர்க்லிஃப்ட் சிமுலேட்டர்கள் பொருட்படுத்தத் தக்க செலவே அல்ல. அப்படியிருந்தும் இது தோன்றாததற்குக் காரணம் பணமில்லை என்று நினைக்கிறேன். ரோபோ கற்பது எதிர்காலம் என்றும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது ‘சும்மா டிரைவர் வேலை’ என்றும் ஒரு தரவரிசை நம் மனத்தில் இருக்கிறது. ஐடிஐ சான்று இல்லாதவர்தான் இந்த வேலைக்கு அதிகம் வருகிறார். அவருக்காகப் பாடத்திட்டம் எழுத யாருக்கும் அவசரமில்லை.

சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போபால் பேரழிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது 111ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலாளிக்கு ஆலைக்குள்ளேயே பாதுகாப்புப் பயிற்சி பெறும் உரிமை உண்டு. அல்லது தலைமை ஆய்வாளர் அங்கீகரித்த பயிற்சி மையத்துக்கு நிர்வாகத்தின் செலவில் அனுப்பப்படும் உரிமை உண்டு என்றது அந்தப் பிரிவு. உரிமை என்றே எழுதியிருந்தார்கள்; ஆனால் அங்கீகரித்த மையம் பக்கத்தில் இல்லாதபோது அந்த உரிமையை எங்கே போய்க் கேட்பது? இப்போது அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020 வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவலும் பயிற்சியும் கண்காணிப்பும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதுவும் சொல்கிறது. தமிழ்நாட்டுத் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்ககம் ஒரு பொது மையத்தை அங்கீகரித்து, அங்கே பெற்ற சான்று எந்த ஆலையிலும் செல்லும் என்று ஆக்கினால் பாதி வேலை முடிந்தது. இன்று ஒரு நிறுவனம் கொடுக்கும் உள்பயிற்சிச் சான்று அந்த வாசலைத் தாண்டினால் வெறும் காகிதம். கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் தொழிலாளி முதலிலிருந்து ஹெல்பராகிறார். சிங்கப்பூருக்குப் போகும் நம்மூர்க்காரர் அங்கே முறையான பயிற்சியும் சான்றும் இல்லாமல் ஃபோர்க்லிஃப்டைத் தொட முடியாது. அதே ஒழுங்கை அவர் சொந்த மாவட்டத்தில் கேட்பது மிகையில்லை.

கடுமையான மறுப்பு ஒன்று தொழிற்சங்கத்தார் பக்கத்திலிருந்து வரக்கூடும், அதை நான் மதிக்கிறேன். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் அறியாமை என்று எல்லாவற்றையும் பயிற்சியில் கொண்டுபோய் முடிப்பது நிர்வாகத்துக்கு வசதியான கதை. நடப்பவருக்கும் வண்டிக்கும் தனிப்பாதை போடாத ஆலை, மங்கலான வெளிச்சம், பழைய டயர், ஷிஃப்ட் முடிவதற்குள் இத்தனை லோடு ஏற்றியாக வேண்டும் என்ற கெடு, பன்னிரண்டு மணிநேர வேலை. இவற்றைச் சிமுலேட்டர் சரிசெய்யாது. மேலே சொன்ன கணக்கில் நடந்துபோனவர்கள் 20 சதவீதம் என்பதை நினைத்துப் பார்த்தால், அவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கக் கூடியது ஒரு தடுப்புக் கம்பியாக இருக்கலாம். இதை முழுக்க ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: பயிற்சி பெற்ற ஆபரேட்டர்தான் இந்தக் குறைகளைப் பெயர் சொல்லிச் சுட்ட முடியும். சுமை மையம் தெரிந்தவருக்குத்தான் ‘இந்தப் பெட்டிக்கு இந்த வண்டி போதாது’ என்று சூப்பர்வைசரிடம் காரணத்தோடு மறுக்க முடியும். தெரியாதவர் பயத்தை மட்டும் சொல்வார், பயத்தை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. சிமுலேட்டருக்குள் நெருக்கடியையும் வைக்கலாம். ‘சீக்கிரம், லாரி காத்திருக்கிறது’ என்று குரல் கேட்க, அப்போதும் ஹாரன் அடித்து மூலையில் நிற்கப் பழக்கலாம். சூப்பர்வைசர்களையும் கான்ட்ராக்டர்களையும் ஒரு மணிநேரமாவது அந்த இருக்கையில் உட்காரவைக்க வேண்டும் என்பதும் என் எண்ணம். மாஸ்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் முன்னால் எவ்வளவு மறைகிறது என்பதை அவர்கள் தங்கள் கண்ணால் அறியட்டும்.

தானியங்கி வண்டிகள் வந்துவிடும், பிறகு ஆபரேட்டர் எதற்கு என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. புதிய பெரிய ஆலைகளின் சமதளத்தில் அவை ஓடுகின்றன. கிரானைட் பட்டறையின் மேடுபள்ளத்திலும், ஒவ்வொரு நாளும் வேறு உயரத்தில் வந்து நிற்கும் லாரியின் பின்கதவிலும், மாம்பழப் பருவத்தின் அவசரத்திலும் மனிதர்தான் ஓட்டுவார்.

கடைசியாக, யாருக்கு, எந்த மொழியில், எங்கே என்பது. ஓலா ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவிப்பு வந்தது. கைப்பேசி, காலணி ஆலைகளிலும் பெண்கள் ஏராளம். ஆனால் ஃபோர்க்லிஃப்டில் ஏறும் பெண்கள் குறைவு. டீ நேரத்தில் சாவி வாங்கிக் கற்கும் வழி ஆண்களின் கூட்டாளித்தனத்தில் ஓடுவது; அந்த வட்டத்துக்குள் ஒரு பெண் நுழைய முடியாது. முறையான வாசல் ஒன்று திறந்தால் அதில் அவர்கள் வருவார்கள். ஹைட்ராலிக் லீவருக்குத் தோள்வலிமை தேவையில்லை. மொழியும் அப்படியே. இந்த எல்லை மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஆலைகளில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் வெளிநாட்டு மென்பொருளை அப்படியே வாங்கி மாட்டினால், எச்சரிக்கை ஒலி காதில் விழும், பொருள் விழாது. குரலை மாற்றுவது சிமுலேட்டரில் செய்யக்கூடிய மிக எளிய வேலை; வாங்கும்போதே ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற வேண்டும். கிடங்கின் படமும் இங்குள்ள மாங்கூழ் டிரம்மும் கிரானைட் பலகையுமாக இருக்கட்டும். இடத்தைப் பொறுத்தவரை, ஓசூரில் ஒன்று தானாக வந்துவிடும். அங்கே ஆலைகளும் சங்கங்களும் இருக்கின்றன. அரசு முதலில் வைக்க வேண்டியது ஊத்தங்கரைப் பக்கம். கல்லாவியிலிருந்து ஓசூருக்குப் பயிற்சிக்குப் போய் வருவதென்றால் அன்றைய கூலியும் போய், பேருந்திலேயே பாதி நாளும் போகும். ஊத்தங்கரையில் ஒரு கூடமும், போச்சம்பள்ளி, பர்கூர்ப் பேட்டைகளின் வாசலுக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய் நிற்கும் ஒரு பயிற்சி வேனும் இருந்தால், ஆலைக்குள் நுழையும் முன்பே ஒருவர் தன் முதல் வண்டியைக் கவிழ்த்து முடித்திருப்பார். பயிற்சி நாளுக்கான கூலியை யார் கொடுப்பது என்பதை அரசும் ஆலைகளும் கான்ட்ராக்டர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். சட்டத்தின்படி பயிற்சி முதலாளியின் கடமை என்பதால், அந்தப் பேச்சு அவர்களின் பங்கிலிருந்து தொடங்குவதே முறை.